170 செ.மீ. உயரத்துக்கு ஸ்கீ தடி 120-ஆ, 145-ஆ?

உங்கள் உயரம் 170 செ.மீ., இந்தக் குளிர்காலத்தில்தான் ஒஸ்லோவில் லாங்ரென், அதாவது பனிப்பாதையில் ஸ்கீ கட்டி நீண்ட தூரம் ஓடுவது, பழகத் தொடங்குகிறீர்கள். கடையில் 145 செ.மீ. தடியைத் தந்திருக்கிறார்கள், பல வருடமாக ஸ்லாலொம், அதாவது மலைச்சரிவில் ஸ்கீயில் இறங்குவது, ஓடுகிற நண்பர் அதைப் பார்த்துவிட்டு "இவ்வளவு நீளமா, உங்கள் உயரத்துக்கு 120 போதும்" என்று சொல்லியிருக்கிறார். எட்டு வயது மகன் 128 செ.மீ., அவனுக்கு 115 வாங்கினால் இரண்டு வருடம் பாவிக்கலாமா என்பது உங்கள் இரண்டாவது கேள்வி.

பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். நண்பர் சொன்னதும் பிழையில்லை, கடைக்காரர் தந்ததும் பிழையில்லை, இரண்டு பேரும் இரண்டு வேறு விளையாட்டுகளைப் பற்றிப் பேசுகிறார்கள். உங்களுக்கு 140, அல்லது கிடைத்தால் 142.5. மகனுக்கு 105. 115 வேண்டவே வேண்டாம்.

உயரத்தைச் சொன்னால் தடியின் நீளம் வந்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உயரம் கணக்கில் பாதிதான். மீதிப் பாதி, அந்தத் தடி உங்களுக்கு என்ன வேலை செய்யப்போகிறது என்பது. ஸ்லாலொமில் லிஃப்ட் உங்களை மேலே கொண்டுபோய் விடுகிறது, கீழே இழுப்பது மலைச்சரிவு, தடி உங்களைத் தள்ளுவதேயில்லை. திரும்பும்போது பனியை ஒரு தட்டுத் தட்டி, இப்போது திரும்பு என்று உடம்புக்கு நேரம் சொல்லும், சமநிலைக்கு உதவும், லிஃப்ட் வரிசையில் நகரக் கை கொடுக்கும், அவ்வளவுதான். முழங்கால் மடிந்து உடம்பு தாழ்ந்திருக்கிற நிலையில் அதைத் தட்ட வேண்டும் என்பதால் குட்டையாக இருக்க வேண்டும். லாங்ரெனில் அப்படியில்லை, சமதரையிலும் ஏற்றத்திலும் நீங்களேதான் உங்களைக் கொண்டுபோக வேண்டும். ஆழம் குறைந்த கடலில் வள்ளத்தைக் கோலூன்றித் தள்ளுகிற மாதிரி, தடியை முன்னே ஊன்றி, உடம்பு அதைத் தாண்டிப் போய், கை பின்னால் நீளும்வரை தள்ளுகிறீர்கள். தள்ளுகிற தூரம் முழுக்கத் தடி பனியில் நிற்க வேண்டுமென்றால் அதற்கு நீளம் வேண்டும்.

முன்காலத் தடிகளிலும் இதைப் பார்க்கலாம். 1890-களில் ஆஸ்திரியாவின் லிலியன்ஃபெல்டில் மத்தியாஸ் ஸ்டார்ஸ்கி சரிவில் இறங்கக் கற்றுக்கொடுத்தபோது அவருடைய மாணவர்கள் கையில் இருந்தது ஒரே ஒரு நீளமான தடி. சாய்வதற்கும் திரும்புவதற்கும் அதுதான் துணை. பிறகு இரண்டு தடி வழக்கமாகி, சரிவில் இறங்குகிறவர்களுக்கு லிஃப்டும் வந்த பின், அவர்களுடைய தடி குட்டையாகிக்கொண்டே வந்தது. தள்ளி ஓடுகிறவர்களுடைய தடி அப்படிக் குறையவில்லை. 1958-இல் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்துச் சன் வேலியில் எட் ஸ்காட் மெல்லிய அலுமினியத் தடியைக் கொண்டுவந்ததும் சரிவுக்காரர்களுக்காகத்தான், அங்கே எடை குறைந்து சட்டென்று வீசக்கூடியதாக இருப்பதே முக்கியம்.

சரி, கணக்குக்கு வருவோம். ஸ்லாலொமுக்கு உயரத்தை 0.7-ஆல் பெருக்குவார்கள், உங்களுக்கு 119 வரும், ஆகவே 120. நண்பர் சொன்னது அதுதான். கிளாசிக் லாங்ரெனுக்கு, அதாவது இரண்டு ஸ்கீயும் தடத்தில் நேராக ஓடுகிற முறைக்கு, 0.83 முதல் 0.85 வரை, உங்களுக்கு 141 முதல் 144.5. ஸ்கீயைப் பக்கவாட்டில் விரித்துத் தள்ளி ஓடுகிற ஸ்கேட்டிங் முறைக்கு 0.89 அல்லது 0.9, உங்களுக்கு 151 முதல் 153. ஆக ஒரே ஆளுக்கு, ஒரே கடையில், 120-உம் சரி, 140-உம் சரி, 150-உம் சரி. இந்த நாட்டுக்காரர் பலர் பெருக்கல் கணக்கே பார்ப்பதில்லை, கிளாசிக்குக்கு உயரத்தில் 25 முதல் 30 வரை கழி, ஸ்கேட்டிங்குக்கு 15 முதல் 20 வரை கழி என்று போய்விடுவார்கள். பெரியவர்களுக்கு அதுவும் கிட்டத்தட்ட அதே எண்ணைத்தான் தரும். பிள்ளைகளுக்கு அந்தக் கழித்தல் கணக்கு அவ்வளவு பொருந்தாது, பெருக்கியே பாருங்கள்.

கணக்கு 141 முதல் 144.5 வரை காட்டும்போது நான் ஏன் 140 பக்கம் சாய்கிறேன்? நீங்கள் புதிதாகப் பழகுகிறவர். கிளாசிக்கில் முதலில் பழகுவது டயகோனல் நடை, இடது கால் வலது கை, வலது கால் இடது கை என்று நடப்பதன் நீட்சி. அதில் கை முன்னே வீசும்போது தடியின் நுனி பின்பக்கம் சாய்ந்தபடி, முன்காலின் சப்பாத்துக்குப் பக்கத்தில் ஊன்ற வேண்டும். தடி நீளமாகப் போனால் அந்த இடத்தில் ஊன்றக் கையைத் தோளுக்கு மேலே தூக்க வேண்டியிருக்கும், தோள் காதை நோக்கி ஏறும், அரை மணித்தியாலத்தில் கழுத்தும் தோள்பட்டையும் இறுகிவிடும். ஏற்றத்தில் இது இன்னும் மோசம், ஏனென்றால் முன்னால் தரை உங்களை நோக்கி உயர்ந்து வருகிறது, அங்கே தடி தானாகவே நீளமாகிவிட்ட மாதிரி இருக்கும். ஒஸ்லோவின் வடக்குப் பக்கக் காடான லில்லோமார்க்காவில் ஓடப்போகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள், அங்கே ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் குறைவேயில்லை. அதனால்தான் குட்டைப் பக்கம் சாயச் சொல்கிறேன்.

தடி குட்டையாகப் போனால் என்ன நடக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், அதற்கும் ஒரு எல்லை உண்டு. இடுப்பிலிருந்து கூடுதலாகக் குனிவீர்கள், தள்ளல் சீக்கிரம் முடிந்துவிடும், ஒரே தூரத்துக்குக் கூடுதல் தடவை ஊன்ற வேண்டிவரும், முதுகின் கீழ்ப்பகுதி வலிக்கும். நண்பரின் 120-ஐ எடுத்துக்கொண்டு லாங்ரென் போனால் இதுதான் நடக்கும், ஒரு கிலோமீட்டரிலேயே தெரிந்துவிடும்.

அப்படியானால் 145 யாருக்கு? இரட்டைத் தள்ளல் அதிகம் செய்கிறவருக்கு. இரண்டு தடியையும் ஒன்றாக ஊன்றி, வயிற்றுத் தசையையும் உடம்பு எடையையும் அதன் மேல் போட்டுத் தள்ளுவது அது. உறைந்த ஏரி மேலே போகிற பாதை, இயந்திரத்தால் நன்றாகச் சீராக்கிய சமதரைப் பாதை, இதிலெல்லாம் நீளமான தடி உண்மையிலேயே வேகம் தரும். போட்டியாளர்கள் இதை எவ்வளவு தூரம் கொண்டுபோனார்கள் என்றால், சுவீடனின் நீண்டதூரப் போட்டியான வாசாலொப்பெட்டில் முன்வரிசை ஆண்கள் 90 கி.மீ. தூரத்தையும் ஸ்கீயின் அடியில், பின்னால் வழுக்காமல் பிடிக்கிற பிடிமெழுகே பூசாமல் வெறும் கைத்தள்ளலிலேயே ஓடி முடிக்கிறார்கள். இப்படியே போனால் கிளாசிக் நடையே அழிந்துவிடும் என்ற கவலையில்தான் சர்வதேசப் பனிச்சறுக்குச் சம்மேளனமான ஃபிஸ் 2016–17 பருவத்திலிருந்து கிளாசிக் போட்டிகளில் தடி உயரத்தின் 83 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று விதி போட்டது. சப்பாத்து போட்டபடிதான் உயரத்தை அளப்பார்கள். சில போட்டிகளில் குறிப்பிட்ட ஏற்றப் பகுதிகளில் இரட்டைத் தள்ளலே கூடாது என்று பலகை வைத்து மறிப்பதும் உண்டு. எனக்கு இந்த விதி பிடிக்கும். டயகோனல் நடை இந்த விளையாட்டின் உயிர், ஏற்றத்தில் ஒருவர் அதை அழகாகச் செய்வதைப் பார்க்க வேண்டும்.

உங்களை அந்த விதி கட்டுப்படுத்தாது, நீங்கள் போட்டிக்குப் போகவில்லை. ஆனாலும் புதியவருக்கு அது ஒரு நல்ல உச்சவரம்பு. சப்பாத்தோடு உங்கள் உயரம் 172 சொச்சம் வரும், அதில் 83 சதவீதம் கிட்டத்தட்ட 143. நான் 142.5 என்று சொன்னது இதனால்தான், சில தடிகள் 2.5 செ.மீ. இடைவெளியிலும் வருகின்றன, விலை குறைந்தவை பெரும்பாலும் ஐந்து ஐந்தாகத்தான் வரும்.

கடையில் நின்று பார்க்கும் விதத்தில்தான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். ஸ்லாலொம் தடியென்றால் அதைத் தலைகீழாகப் பிடித்து, பிடி தரையில் நிற்க, நுனிப்பக்கத்துப் பிளாஸ்டிக் வட்டுக்குக் கீழே கையை வைத்துப் பிடிப்பார்கள். மேல்கை உடம்போடு ஒட்டியிருக்க முழங்கை 90 பாகையில் மடிந்து, முன்கை தரைக்குச் சமாந்தரமாக இருந்தால் சரி. தலைகீழாகப் பிடிப்பதற்குக் காரணம் உண்டு. பனியில் ஊன்றும்போது வட்டுவரை நுனி உள்ளே போய்விடும், அந்த அளவைக் கழித்துப் பார்க்கத்தான் அப்படிப் பிடிப்பது. ஸ்லாலொம் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு பார்ப்பது நல்லது, அதன் அடி தடிப்பானது.

லாங்ரென் தடியைத் தலைகீழாகப் பிடிக்கக் கூடாது. உங்கள் நண்பர் கடையில் கூட இருந்திருந்தால் அவர் பழக்கத்தில் அதைத்தான் செய்திருப்பார், அப்போது எந்த லாங்ரென் தடியும் பூதமாகத்தான் தெரியும். நேராக நிமிர்ந்து நின்று, நுனியைத் தரையில் வைத்துத் தடியை உடம்புக்கு முன்னால் செங்குத்தாகப் பிடியுங்கள். கிளாசிக்குக்குத் தோள்மூட்டின் மேல் எலும்பு உயரம் வர வேண்டும். ஸ்கேட்டிங்குக்கு நாடிக்கும் வாய்க்கும் இடையில். பார்க்க வேண்டியது பிடியின் தலையை அல்ல, வார் பிடியிலிருந்து வெளியே வருகிற இடத்தை. தள்ளும் விசை வார் வழியாகத்தான் தடிக்குள் போகிறது, பிடியின் தலை அதற்கு மேலே இரண்டு மூன்று செ.மீ. சும்மா நிற்கும். தலையை வைத்து அளந்தால் அந்த அளவுக்குக் குட்டையான தடியை வாங்கிவிடுவீர்கள். தரையில் பாய் அல்லது மட்டை இருந்தால் அதன் மேல் வையுங்கள், லாங்ரென் தடியின் நுனி கூரானது, கடைத்தரை வழுக்கும்.

கணக்கும் உடம்பும் ஒத்துவராவிட்டால் உடம்பை நம்புங்கள். ஒரே உயரமுள்ள இருவரில் ஒருவருக்குக் கால் நீளம், மற்றவருக்கு உடல் நீளம், தோள் நிற்கிற உயரமே நாலு செ.மீ. வித்தியாசப்படலாம்.

ஸ்கேட்டிங் பற்றி இப்போது உங்களுக்கு அதிகம் தேவையில்லை. அதில் பெரும்பாலும் இரண்டு தடியையும் ஒன்றாக ஊன்றுவதால் நீளம் கூட, போட்டிகளில் உயரத்தைத் தாண்டக் கூடாது என்பது மட்டும்தான் எல்லை. இரண்டுக்கும் பொதுவாக ஒரே சோடித் தடி வாங்கலாமா என்று கேட்பார்கள். நடுவில் 147.5 என்று வாங்கினால் இரண்டுக்கும் அரைகுறையாகத்தான் இருக்கும். கிளாசிக் ஒழுங்காக வந்த பிறகு ஸ்கேட்டிங்குக்கு ஒரு பழைய சோடி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஈஸ்டருக்கு மலைக்குப் போகிற எண்ணம் இருந்தால் அங்கே கதை வேறு. பாதை போடாத பனியில் தடி ஆழமாகப் புதையும், ஆகவே பெரிய வட்டும், நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய தண்டும் வேண்டும். சமதரையில் தோள் உயரத்துக்குக் கொஞ்சம் கீழே, நீண்ட ஏற்றத்தில் ஐந்து பத்து செ.மீ. குறைத்து, நீண்ட இறக்கத்தில் ஸ்லாலொம் நீளத்துக்குக் கொண்டுவருவார்கள். கூட்டிக் குறைக்கும் தடியை ஓடும்பாதைக்கும் சேர்த்து ஒன்றாக வாங்கிவிடலாமே என்று தோன்றும். எடை கூட, பூட்டு தளர்ந்தால் தள்ளும்போது உள்ளே இறங்கும், பாதைக்கு அது வேண்டாம். ஆனால் ஒரு விஷயத்துக்கு அது அருமையான கருவி. எந்த நீளம் உங்களுக்குப் பொருந்தும் என்று தெரியாவிட்டால் யாரிடமாவது அப்படியொரு சோடியை இரவல் வாங்கி, ஒரே பாதையில் 140-இலும் 145-இலும் மாறிமாறி ஓடிப் பாருங்கள். இந்த எண்கள் எல்லாவற்றையும்விட அந்த ஒரு மத்தியானம் தெளிவாகச் சொல்லும்.

இனி, ஏற்கெனவே வாங்கிய 145-ஐ என்ன செய்வது? திருப்பிக் கொடுக்க முடிந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். முடியாவிட்டாலும் பெரிய நட்டமில்லை, லாங்ரென் தடியை வெட்டிக் குறைக்கலாம். பல கடைகளில் வாங்கிய இடத்திலேயே செய்து தருவார்கள், கேட்டுப் பாருங்கள். பெரும்பாலான தடிகளில் பிடி சூட்டில் இளகுகிற பசையால் ஒட்டப்பட்டிருக்கும். சூடான தண்ணீரில் அல்லது சூட்டுக்காற்றில் பிடியைக் கொஞ்சநேரம் காட்டினால் பசை இளகும், முறுக்கி இழுத்தால் கழன்று வரும். அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டாதீர்கள், தண்டு கார்பன் என்றால் அதைப் பிணைத்திருக்கிற பிசின் கெட்டுவிடும், பிறகு ஒரு நாள் ஏற்றத்தின் நடுவில் தடி முறியும். வெட்ட வேண்டிய இடத்தைச் சுற்றி ஒட்டுநாடா சுற்றி, நுண்பல் வாளால், மேல்முனையிலிருந்து மட்டும் வெட்டுங்கள். கீழ்முனை ஒடுங்கி வருவது, அங்கே வெட்டினால் வட்டு பொருந்தாது. கார்பன் தூள் மூச்சுக்கு நல்லதல்ல, வெளியே நின்று, முகக்கவசம் போட்டு, ஈரத்துணி சுற்றிச் செய்யுங்கள். முதலில் 2.5 செ.மீ. மட்டும் வெட்டி ஓடிப் பாருங்கள். வெட்டியதை ஒட்ட முடியாது. இந்தக் காரணத்தாலேயே இரண்டு அளவுக்கு நடுவில் நிற்கிற லாங்ரென்காரருக்கு நீளமானதை வாங்கிக் குறைத்துக்கொள்ளச் சொல்வேன். ஸ்லாலொம்காரர் நடுவில் நின்றால் குட்டையானதையே எடுக்கலாம், அங்கே குட்டை ஒரு சிக்கலேயில்லை, மேடுபள்ளச் சரிவில் குதித்து ஓடுகிறவர்கள் வேண்டுமென்றே ஐந்து பத்து செ.மீ. குறைத்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

மகன் விஷயம்தான் எனக்குக் கூடுதல் முக்கியமாகப் படுகிறது. நம் பெற்றோர் சப்பாத்தும் சட்டையும் ஒரு அளவு கூட்டி வாங்கியே வளர்த்தார்கள், நமக்கும் கை தானாக அங்கேதான் போகும், பனியே தெரியாத ஊரில் பிறந்து வந்த எங்களுக்கு இந்தச் சாமான்களின் விலையும் கொஞ்சம் அச்சுறுத்தும். ஆனால் தடியில் மட்டும் வளர்ச்சிக்கென்று இடம் விடாதீர்கள். 128 செ.மீ. பிள்ளைக்கு 115 என்பது 0.9, அது ஸ்கேட்டிங் போட்டிக்காரரின் நீளம். கிளாசிக் பழகுகிற பிள்ளை அதை ஊன்றக் கையைக் காதுக்கு மேலே தூக்கும், அல்லது தடியைப் பக்கவாட்டில் விரித்து ஊன்றும், அந்தப் பழக்கம் பிறகு போவது கஷ்டம். பிள்ளைக்குக் களைப்பு என்று மட்டும்தான் தெரியும், காரணம் தெரியாது, "எனக்கு ஸ்கீ பிடிக்கவில்லை" என்று சொல்லிவிடும். பள்ளிக்கூட ஸ்கீ நாளில் மற்றப் பிள்ளைகள் ஓடும்போது பின்னால் நிற்பது எட்டு வயதில் சின்ன விஷயமில்லை. 128-ஐ 0.83-ஆல் பெருக்கினால் 106, ஆகவே 105. இரண்டு அளவுக்கு நடுவில் வருகிற பிள்ளைக்கு எப்போதும் கீழ் அளவையே எடுங்கள். இந்த வருடம் வளர்ந்து வசந்தத்தில் அது கொஞ்சம் குட்டையானால் ஒன்றும் கெட்டுவிடாது.

தம்பி தங்கை யாராவது மூன்று நாலு வயதில் இருந்தால் அவர்களுக்குத் தடியே கொடுக்காதீர்கள். இங்கே ஸ்கீ பள்ளிகளில் சிறியவர்களை முதலில் வெறுங்கையோடுதான் விடுவார்கள். கையில் தடி இருந்தால் பிள்ளை அதன் மேல் சாய்ந்து நிற்கும், கால் சமநிலையைப் பழகாது. புதிதாகப் பழகுகிற பெரியவருக்கும் இது பொருந்தும், நீங்களும் மகனும் ஆளுக்கொரு தடவை தடிகளை ஓரத்தில் குத்தி வைத்துவிட்டு, சமதரையில் நூறு மீட்டர் சும்மா சறுக்கிப் பாருங்கள்.

வாரைப் போடும் விதமும் நீளத்தோடு சேர்ந்த விஷயம். சாதாரண வளைய வார் என்றால் கையைக் கீழிருந்து மேலாக வளையத்துக்குள் விட்டு, பிறகு வாரையும் பிடியையும் சேர்த்துக் கீழ்நோக்கிப் பிடிக்க வேண்டும், அப்போது வார் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவால் வரும், மணிக்கட்டு அதன் மேல் தொங்கும். லாங்ரென் தடிகளில் பெரும்பாலும் கையுறை மாதிரி ஒட்டுகிற வார் இருக்கும், அதில் இடது வலது உண்டு, மாற்றிப் போடாதீர்கள். வார் தளர்வாக இருந்தால் கை பிடியிலிருந்து கீழே நழுவும், சரியான நீளத் தடியும் குட்டைத் தடியாகிவிடும். தடி பொருந்தவில்லை என்று நினைக்கிற சிலருக்கு உண்மையில் இறுக்க வேண்டியது வார்தான். ஸ்லாலொமில் லிஃப்டில் ஏறும்போதும் மரங்களுக்கிடையே போகும்போதும் வாரைக் கழற்றிவிடுவது பாதுகாப்பு, எங்காவது மாட்டினால் கையையும் சேர்த்து இழுத்துவிடும்.

வாங்குவதற்கு முன் பூவா இரவல் நிலையத்தை ஒருதரம் எட்டிப் பாருங்கள், ஸ்கீயும் தடியும் சப்பாத்தும் காசில்லாமல் கொடுக்கிறார்கள், வளர்கிற பிள்ளைக்கு அதைவிடப் பொருத்தமான வழி இல்லை. பழையது வாங்குவதென்றால் ஃபின் தளத்தில் நிறைய வரும், இலையுதிர்காலத்தில் பள்ளிகளிலும் விளையாட்டுக் கழகங்களிலும் பழைய சாமான் விற்பனை நடக்கும். விற்கிறவர் சொல்கிற எண்ணை அப்படியே நம்பாதீர்கள், முந்தைய சொந்தக்காரர் வெட்டியிருக்கலாம், தண்டில் அச்சடித்த எண் அப்போதும் பழையதுதான் இருக்கும். நுனியிலிருந்து வார் வெளிவரும் இடம்வரை அளவுநாடா பிடித்துப் பாருங்கள், இரண்டு தடியையும் பக்கத்தில் நிறுத்தி ஒரே நீளமா என்றும் பாருங்கள். கார்பன் தண்டில் ஆழமான கீறல் இருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.